சொல் இல்லாத எழுத்து: வங்காள அரிச்சுவடியில் ‘லி’யின் வரலாறு

குழந்தைக்கு ஓர் எழுத்தைக் கற்பிக்க முனையும் ஆசிரியர் முதலில் தேடுவது அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லை. எழுத்து, சொல், படம் என்ற மூன்றும் ஒரே கட்டத்துள் அமைந்தால் பாடம் முடிந்தது என்பது இன்றைய அரிச்சுவடிகளின் பொது இலக்கணம். ஆனால் எந்தச் சொல்லும் தொடங்காத எழுத்தை என்ன செய்வது? இந்தியாவின் முதனூல் ஆசிரியர்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக இக்கேள்விக்கு விடை தேடி வந்துள்ளனர். அவ்விடைகளின் வரலாற்றை மிகத் தெளிவாகக் காட்டும் எழுத்து, வங்காள உயிரெழுத்து வரிசையில் ‘ரி’க்கு அடுத்து நின்ற ‘லி’.

வங்காள மொழியில் இவ்வெழுத்தால் தொடங்கும் சொல் இல்லை. இடையிலோ இறுதியிலோ அதை எழுதும் வழக்கமும் இல்லை. ‘லி’ என்ற ஒலி வேண்டுமிடத்தில் லகர மெய்யும் இகர உயிரும் சேர்ந்த உயிர்மெய்யே போதும். வடிவத்தில் இவ்வெழுத்து வங்காள இலக்கமான ஒன்பதை ஒத்திருந்ததால், அச்சகங்கள் பல வேளைகளில் அந்த இலக்கத்தையே இதற்குப் பதிலாக அடுக்கின. எனினும் தலைமுறை தலைமுறையாக வங்காளக் குழந்தைகள் இதை மனப்பாடம் செய்தனர். பலகையில் எழுதிப் பழகினர். பயனற்ற ஓர் எழுத்து இவ்வளவு காலம் எவ்வாறு நிலைத்தது என்பதை அறிய, அதன் பிறப்பிடமான வடமொழிக்குச் செல்ல வேண்டும்.

வடமொழியில் இவ்வெழுத்து குறிப்பது லகரத்தின் ஒலியே உயிராக நின்று அசையை உருவாக்கும் நிலையை. அங்கும் இது மிக அரியது. ‘தகுதியாக அமைதல்’ என்னும் பொருளுடைய ‘க்ல்ருப்’ என்ற ஒரே வேர்ச்சொல்லின் வடிவங்களில் மட்டுமே இது வழங்குகிறது. பாணினியின் முறைப்படி நோக்கினால் அதுவும் சொந்தமான லகரம் அன்று. அவ்வேரின் ரகரக் கூறே ஒரு விதியால் லகரமாகத் திரிகிறது. ஆயினும் பாணினியத்தின் தொடக்கத்தில் உள்ள எழுத்துச் சூத்திரங்களுள் இரண்டாவது, ‘ரு’வோடு சேர்த்து இதற்கும் இடம் தருகிறது.

இடம் தந்தது ஏன் என்ற வினா அக்காலத்திலேயே எழுந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பதஞ்சலியின் மகாபாஷ்யம் இவ்வெழுத்தை ஓதுவதன் பயன் யாது என்று விரிவாக ஆராய்கிறது. அங்கு முன்வைக்கப்படும் பயன்களுள் ஒன்று இடுகுறிப் பெயர்: ஒருவன் தன் பெயரை ‘லிதகன்’ என்று வைத்துக்கொண்டால் அதை எழுதவும் புணர்க்கவும் எழுத்து வேண்டும். மற்றொன்று, இயலாமையால் பிறழ்ந்த உச்சரிப்பை எடுத்துக்கூறுதல். ‘ரிதகன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு சிறுமி ‘லிதகன்’ என்று சொன்னால், அவள் சொன்னதை அவ்வாறே திரும்பக் கூறுபவனுக்கு அந்த ஒலி தேவைப்படும். மொழி பயிலும் குழந்தைகள் ரகரத்தை லகரமாக ஒலிப்பது இன்றைய குழந்தைமொழி ஆய்வாளர்கள் நன்கறிந்த செய்தி. இலக்கண மரபு ஓர் எழுத்தின் இருப்பை நியாயப்படுத்தத் தேடிய காரணங்களுள் குழந்தையின் குழறலும் ஒன்றாக இருந்தது. அந்த எழுத்தே பிற்காலத்தில் குழந்தைகளுக்குப் பொருளற்ற சுமையானது.

இலக்கண நூல்களில் இருந்த இடம் பள்ளிகளுக்கும் பரவியது. வங்காளத்தில் பரவலாகப் பயிலப்பட்ட காதந்திர இலக்கணம் உயிரெழுத்துகள் 14 என்று வகுக்கிறது. அவற்றுள் ‘ரு’, ‘லு’ ஆகியவற்றின் குறிலும் நெடிலும் அடங்கும். ‘அம்’, ‘அஃ’ என்ற இரண்டையும் சேர்த்தால் 16. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி ஈசிங், ஆறு வயதுச் சிறார் ‘சித்தம்’ எனும் முதனூலை ஆறு மாதத்தில் கற்றதையும், அதில் 49 எழுத்துகள் இருந்ததையும் பதிவு செய்கிறார். அத்தொகை 16 உயிர், 33 மெய் என்ற கணக்கோடு பொருந்துகிறது. ‘க்ஷ’ என்ற கூட்டெழுத்தைத் தனி மெய்யாக எண்ணும்போது எழுத்துகள் 50 ஆகும். நெடில் ‘லூ’வுக்கு வடமொழியிலேயே சொல் இல்லை, குறிலுக்கு நெடில் ஒன்று இருக்க வேண்டும் என்ற வரிசை ஒழுங்கே அதைப் படைத்தது.

ஆனால் எல்லா மரபுகளும் இந்த வரிசையை அப்படியே ஏற்கவில்லை. புத்தரின் வாழ்க்கையைக் கூறும் ‘லலிதவிஸ்தரம்’ என்ற நூலில் பள்ளிக்கூடக் காட்சி ஒன்று உண்டு. இளம் போதிசத்துவர் விசுவாமித்திரர் என்ற ஆசிரியரிடம் எழுத்துப் பயில அழைத்துச் செல்லப்படுகிறார். உடன் பயிலும் பதினாயிரம் சிறுவர் ஒவ்வோர் எழுத்தாக ஓத, ஒவ்வொன்றுக்கும் ஒரு பௌத்தக் கருத்து ஒலியாக எழுகிறது. அகரத்தை ஓதும்போது ‘அநித்திய’ என்று தொடங்கும் நிலையாமைக் கருத்து பிறக்கிறது. எழுத்துக்கு ஒரு சொல் என்ற கற்பித்தல் முறைக்கு இந்தியாவில் கிடைக்கும் பழஞ்சான்றுகளுள் இது ஒன்று. இவ்வரிசையில் ‘ரு’, ‘ரூ’, ‘லு’, ‘லூ’ ஆகிய நான்கும் இடம்பெறவில்லை.

அதே பகுதி வேறொரு சிக்கலையும் எதிர்கொள்கிறது. ஙகரத்தில் தொடங்கும் சொல் வடமொழியில் வழக்கில் இல்லை. லலிதவிஸ்தரம் அதற்கு ‘அங்கவிசுத்தி’ என்ற தொடரைத் தருகிறது. அதாவது, எழுத்து சொல்லின் முதலில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, சொல்லின் உள்ளே அதைக் காட்டுகிறது. தமிழ் அரிச்சுவடிகள் ‘ங்’ என்ற எழுத்துக்குச் சங்கையும் ‘ஞ்’ என்ற எழுத்துக்கு இஞ்சியையும் ஆய்த எழுத்துக்கு எஃகையும் காட்டுவது இதே தீர்வு. ஆக, சொல் இல்லாத எழுத்தை விட்டுவிடுதல், சொல்லின் நடுவில் காட்டுதல் ஆகிய இரு வழிகளும் மிகத் தொன்மையானவை.

அச்சுக் காலத்து வங்காளம் இவ்விரண்டையும் உடனே கையாளவில்லை. நதானியேல் ஹால்ஹெட் எழுதிய வங்காள இலக்கணம் 1778 இல் ஹூக்ளியில் அச்சானது. சார்லஸ் வில்கின்சும் பஞ்சானன் கர்மகாரும் உருவாக்கிய அச்செழுத்துகளால் ஆன அந்நூலில் உயிர்கள் 16. கல்கத்தாவில் பெத்யூன் நிறுவிய பெண்கள் பள்ளி 1849 இல் தொடங்கியபோது, மதன்மோகன் தர்க்காலங்கார் தம் புதல்வியரை அங்கே சேர்த்தார். அவ்வாண்டே ‘சிசு சிட்சா’ என்ற முதனூலின் முதற்பகுதியையும் வெளியிட்டார். பெண்குழந்தைகள் பொதுப் பள்ளிக்கு வருவதே பெரும் விவாதமாக இருந்த காலம் அது. அந்தப் புதிய நூலிலும் எழுத்து வரிசை பழையதே: உயிர் 16, மெய் 34.

மாற்றம் 1855 இல் வந்தது. ஈசுவர சந்திர வித்யாசாகர் அப்போது கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வர். அதே ஆண்டில் தென் வங்காள மாவட்டங்களின் பள்ளிகளைப் பார்வையிடும் பொறுப்பையும் ஏற்றார். அவருடைய ‘வர்ணபரிசயம்’ இரு பகுதிகளாக அவ்வாண்டில் வெளியானது. அதன் முன்னுரை ஓர் அரிச்சுவடிக்கு வழக்கமில்லாத வகையில் தன் முடிவுகளுக்குக் காரணம் கூறுகிறது. நெடிய ‘ரீ’யும் நெடிய ‘லீ’யும் வங்காள மொழியில் வழங்குவதில்லை, ஆகவே நீக்கப்படுகின்றன. அனுசுவாரமும் விசர்க்கமும் உயிர்கள் அல்ல. ஆகவே மெய்களோடு சேர்க்கப்படுகின்றன. ‘க்ஷ’ கூட்டெழுத்து, ஆகவே தனி மெய்யாகாது. மூக்கொலியைக் குறிக்கும் சந்திரபிந்துவுக்குத் தனி இடம் தரப்பட்டது. இவ்வாறு 16 உயிர் 12 ஆயின; 34 மெய் 40 ஆயின.

மெய்கள் கூடியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. டகரமும் அதன் மூச்சொலி இணையும் வங்காளச் சொற்களின் இடையிலும் இறுதியிலும் வரும்போது நாவை மடித்து வருடும் ஒலியாக மாறுகின்றன. யகரமும் அவ்வாறே, சொல்லின் முதலில் ஜகரம்போல் ஒலிக்கும் அது, பிற இடங்களில் யகரமாகவே ஒலிக்கிறது. பேச்சில் இருந்த இந்த வேறுபாட்டை, அடியில் புள்ளியிட்ட மூன்று எழுத்துகளாகப் பிரித்து வரிசையில் ஏற்றினார் வித்யாசாகர். இவற்றில் வருடொலி எழுத்துகள் இரண்டும் வங்காளச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ஆனால் வண்டியும் வீடும் குதிரையும் அந்த ஒலியோடுதான் வங்காளக் குழந்தையின் நாவில் இருந்தன.

இங்கே இருவகை எழுத்துகள் எதிரெதிரே நிற்கின்றன. ‘லி’க்கு வரிசையில் இடம் இருந்தது, மொழியில் சொல் இல்லை. வருடொலிக்கு மொழியில் எண்ணற்ற சொற்கள் இருந்தன. வரிசையில் இடம் இல்லை. வித்யாசாகர் இரண்டாவதற்கு இடம் தந்தார். ஆனால் நெடில் ‘லீ’யை நீக்கிய அதே அளவுகோலால் நீங்கியிருக்க வேண்டிய குறில் ‘லி’யை அவர் நீக்கவில்லை. வங்காள மொழியின் வழக்கு என்ற அளவில் இரண்டும் சமமே. வடமொழியை அளவாகக் கொண்டால் வேறுபாடு உண்டு: குறிலுக்கு ஒரு வேர்ச்சொல்லேனும் இருக்கிறது, நெடிலுக்கு அதுவும் இல்லை. வங்காளத்துக்கென எழுதப்பட்ட முதனூலின் பன்னிரண்டு உயிர்களில் ஒன்று, வங்காளக் குழந்தை ஒருபோதும் எழுதப்போகாத எழுத்தாக நின்றது.

இதை வித்யாசாகரின் தவறு என்று கூறிக் கடந்துவிடுவது வரலாற்றுக்கு நியாயமாகாது. அவர் எதிர்கொண்ட சிக்கல் ஓர் எழுத்தைவிடப் பெரியது. வங்காள உச்சரிப்பில் இகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் பொருள் வேறுபடுத்தும் அளவு வேறுபாடு இல்லை. இரு நகரங்களும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. மூன்று சகரங்களும் பெரும்பாலும் ஒரே ஒலியாகிவிட்டன. ஒலியால் பிரிக்க முடியாததைப் பள்ளிக்கூடம் பெயரால் பிரித்தது. ‘குறில் இ’, ‘நெடில் ஈ’, ‘பல் ந’, ‘அண்ண ண’ என்ற பொருளுடைய வடமொழிப் பெயர்களைக் குழந்தை மனப்பாடம் செய்கிறது. காதில் ஒன்றாகக் கேட்பதைக் கையில் இரண்டாக எழுத வேண்டியிருப்பதால் அப்பெயர்களே அதற்குத் துணை. தமிழ்க் குழந்தை ‘றன்னகரம்’, ‘தந்நகரம்’ என்று கூறிப் பிரிப்பதும் இதே நிலையில்தான்.

பெயர் ஒலியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்தை வித்யாசாகர் உணர்ந்திருந்தார். 1875 இல் வந்த அறுபதாம் பதிப்பின் முன்னுரையில், மாணவர் ‘அ’, ‘ஆ’ என்று சொல்லாமல் ‘உயிர் அ’, ‘உயிர் ஆ’ என்ற பொருள்பட ஓதும் வழக்கத்தைச் சுட்டி, வெறும் ‘அ’, ‘ஆ’ என்றே சொல்லப் பழக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறார். இருபது ஆண்டுகளில் அறுபது பதிப்புகளைக் கண்ட நூலின் ஆசிரியர், வகுப்பறையில் குழந்தையின் வாயிலிருந்து வருவதைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எழுத்தின் பெயரும் எழுத்தின் ஒலியும் வேறு என்பது இன்றைய தொடக்கநிலை வாசிப்பு ஆய்வுகளின் அடிப்படைப் பாகுபாடு. ‘லி’யைப் பொறுத்தவரை அந்தப் பாகுபாட்டின் ஒரு பக்கமே இருந்தது, பெயர் உண்டு, அதை ஒலித்துக் காட்டச் சொல் கிடையாது.

இந்த நிலைக்கு 1897 இல் ஒரு விளையாட்டான தீர்வு கிடைத்தது. ஜோகீந்திரநாத் சர்க்கார் அவ்வாண்டில் வெளியிட்ட ‘ஹாசி குஷி’ என்ற படநூல், எழுத்துகளைப் பாட்டாகவும் படமாகவும் மாற்றியது. தலைப்பின் பொருளே சிரிப்பும் மகிழ்ச்சியும். மலைப்பாம்பும் மாம்பழமும் எலியும் ஒட்டகமும் வரும் அவ்வரிசையில் ‘லி’யின் முறை வந்தபோது, சர்க்கார் சொல்லைத் தேடவில்லை. சுருண்டு வளைந்த அந்த எழுத்தே குட்டிக்கரணம் போடுவதாகப் பாடிவிட்டார். எதையும் குறிக்காத எழுத்து, தன்னையே குறித்து நின்றது. அதன் வடிவத்தை நினைவில் நிறுத்துவதே குழந்தைக்கு வேண்டியிருந்தது. அதற்குப் பாம்போ பழமோ தேவைப்படவில்லை. வங்காளத்தில் பல தலைமுறையினர் இந்த எழுத்தை நினைவு வைத்திருப்பது அந்தக் குட்டிக்கரணத்தாலேயே.

தமிழ் மாணவருக்கு இவ்வுத்தி புதிதன்று. ஔவையாரின் ஆத்திசூடி எழுத்து வரிசையில் அமைந்த அறநூல். தொல்காப்பியம் ஙகரத்தை மொழிமுதல் எழுத்தாகக் கொள்ளவில்லை. நன்னூல் ‘அங்ஙனம்’ போன்ற வடிவங்களுக்காக மட்டும் அதற்கு இடம் தருகிறது. வரிசையில் ஙகரம் வரும்போது ஆத்திசூடி அந்த எழுத்தையே உவமையாக்குகிறது. தன் இனத்து எழுத்துகளை ஙகரம் தாங்கி நிற்பதுபோல் சுற்றத்தைத் தழுவ வேண்டும் என்று உரையாசிரியர்கள் அதற்குப் பொருள் கூறுவர். மொழிமுதலாகாத மற்ற எழுத்துகளுக்கு அந்நூல் வேறொரு வழியைக் கையாள்கிறது. டகரத்துக்கு ‘இடம்’, ழகரத்துக்கு ‘அழகு’, ளகரத்துக்கு ‘இளமை’ என, உரிய எழுத்தை இரண்டாம் இடத்தில் அமைக்கிறது. லலிதவிஸ்தரத்தின் வழியும் சர்க்காரின் வழியும் ஒரே நூலில் அருகருகே இருப்பது கவனிக்கத்தக்கது.

இந்தி வழங்கும் பகுதிகளின் அரிச்சுவடிகள் பலவற்றில் நான்காவது வழி ஒன்று உண்டு. ங, ஞ ஆகியவற்றின் கட்டத்தில் படம் இராது. ‘காலி’ என்ற சொல் இருக்கும். குழந்தைகளும் வரிசையை ஓதும்போது அதைச் சேர்த்தே ஓதுவர். வெற்றிடம் என்று பொருள்படும் அச்சொல்லையே அந்த எழுத்தின் பெயராகக் கொள்ளும் குழந்தையும் உண்டு. கட்டம் காலியாக இருப்பதற்குக் காரணம், எழுத்து சொல்லின் முதலில் வந்தாக வேண்டும் என்ற நிபந்தனை மட்டுமே. அந்த ஒலி இந்தியில் இல்லாமலில்லை. ‘ரங்’ என்ற சொல்லை நாள்தோறும் சொல்லும் குழந்தைக்கு அவ்வொலியை அதன் நாவிலிருந்தே எடுத்துக் காட்டியிருக்கலாம்.

வங்காள ‘லி’யை வரிசையிலிருந்து அமைதியாக எடுத்துவிட்டவர் இரவீந்திரநாத் தாகூர். நந்தலால் போஸின் படங்களோடு 1930 இல் வந்த ‘சகஜ பாடம்’ முதற்பகுதியில் உயிரெழுத்துகள் இரண்டிரண்டாகச் சிறு பாடல்களில் வருகின்றன. ‘ரி’க்கு மட்டும் இணை இல்லை. அதற்கும் அவர் ரிஷியைத் தேடிச் செல்லவில்லை. அவ்வொலியைக் கார்மேகத்தின் வாயில் வைத்தார். அடுத்து வருவது ‘ஏ’. இடையில் இருந்த எழுத்தைக் காணோம். வித்யாசாகரின் முன்னுரைபோல் இங்கு விளக்கம் எதுவும் இல்லை. குழந்தைக்குத் தேவைப்படாதது பாடத்தில் இல்லை, அவ்வளவே. இன்று வங்காள உயிரெழுத்துகள் 11 என்றே பள்ளிகள் கற்பிக்கின்றன. கணினிக்கான யூனிகோடு அட்டவணையில் குறில், நெடில் இரண்டுக்கும் இடம் உண்டு. பழைய நூல்களைப் பதிப்பிக்க அவை வேண்டும்.

‘சகஜ பாடம்’ வெளிவருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1925 இல், மயூர்பஞ்சைச் சேர்ந்த ரகுநாத் முர்மு சந்தாளி மொழிக்கு ‘ஒல் சிக்கி’ என்ற எழுத்துமுறையை உருவாக்கினார். வங்காளம், ஒடியா, தேவநாகரி, உரோமன் எழுத்துகளில் பிரிந்து கிடந்த மொழிக்குத் தன் ஒலிகளுக்கேற்ற எழுத்து வேண்டும் என்பதே அம்முயற்சியின் அடிப்படை. அதில் 30 எழுத்துகள். மெய்யெழுத்துகளின் பெயர்கள் உயிரில் தொடங்கி அந்த மெய்யில் முடிகின்றன: ‘ஒத்’, ‘ஒங்’, ‘ஒல்’ என்பன போல. ‘ஒத்’ என்றால் நிலம்; ‘ஒல்’ என்றால் எழுத்து. ‘ஒங்’ வீசும் காற்றைக் காட்டுவதாக விளக்குவர். வடிவங்களும் அப்பொருள்களை நினைவூட்டும் வகையில் அமைந்தவை என்பது மரபு.

இதன் விளைவைக் கற்பித்தல் நோக்கில் பார்க்க வேண்டும். ஒலி பெயரின் இறுதியில் இருப்பதால் ஙகரத்துக்குத் தனிச் சிக்கல் எதுவும் எழவில்லை. எழுத்தின் பெயரைச் சொல்லும்போதே குழந்தை அதன் ஒலியையும் சொல்லிவிடுகிறது. பழைய வரிசையை ஏற்றுக்கொண்டு அதற்குச் சொல் தேடும் வேலை இங்கே இல்லை. மொழியிலிருந்து தொடங்கி எழுத்துக்கு வரும் பாதை இது. சந்தாளி 2003 ஆம் ஆண்டின் 92ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது.

இந்த நீண்ட வரலாற்றில் ‘லி’ ஒரு சிறு எழுத்துதான். ஆனால் ஓர் அரிச்சுவடி எந்த மொழிக்கு உரியது என்ற கேள்வியை அது தொடர்ந்து எழுப்பியிருக்கிறது. வரிசையைக் காப்பதே நோக்கமானால் சொல் இல்லாத எழுத்தும் கற்பிக்கப்படும். சொல்லும் ஒலியும் உள்ள எழுத்து வெளியே காத்திருக்கும். குழந்தையின் பேச்சு அளவுகோலானால் வரிசை மாற வேண்டியிருக்கும். வித்யாசாகர் பாதி வழி சென்றார். தாகூர் மீதியைக் கடந்தார். முர்மு வேறொரு தொடக்கத்தையே தேர்ந்தார். இடைப்பட்ட காலத்தில் சர்க்கார் மாற்ற இயலாத வரிசையையும் குழந்தை மகிழும் வண்ணம் செய்தார்.

வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியுமாக வளரும் குழந்தைகள் இந்தியாவில் கோடிக்கணக்கில் உள்ளனர். அவர்களுள் பலருக்கு அரிச்சுவடியின் ஒவ்வொரு கட்டமும் ‘லி’யைப் போன்றதே. எழுத்தின் பெயர் கிடைக்கிறது. படத்தில் உள்ள பொருளுக்கு அவர்கள் வீட்டில் வழங்கும் சொல் வேறு ஓர் எழுத்தில் தொடங்குகிறது. வண்ணப் படத்தை மாற்றுவதால் மட்டும் அந்த இடைவெளி குறையாது. எழுத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், அதன் ஒலி வகுப்பில் உள்ள குழந்தையின் எந்தச் சொல்லில், எந்த இடத்தில் இருக்கிறது என்று ஆசிரியர் கேட்டறிய வேண்டும். விடை சொல்லின் நடுவில் இருக்கலாம், இறுதியில் இருக்கலாம், அல்லது பாடநூல் அறியாத ஒரு மொழியில் இருக்கலாம்.